பட்டினிக் கரை, பந்திக் கடல்

கலாபகோஸில் சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் இரவில்தான் இடம் மாறுகின்றன. பயணிகள் உறங்கும் நேரத்தில் அடுத்த தீவுக்குப் போய் நங்கூரம் போட்டுவிட்டால், தேசியப் பூங்கா அனுமதிக்கும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரையிலான பொழுது முழுவதும் கரைக்குக் கிடைத்துவிடும். மேற்கு ஓரத் தீவுகளுக்குப் போகும் இரவு மட்டும் கொஞ்சம் நீளம். இசபெலாவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த முனையோ நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. எனவே ஒரே இரவில் கப்பல் நிலநடுக்கோட்டை இருமுறை கடக்கிறது. விடிவதற்குள் எழுந்து மேல்தளத்துக்கு வருபவர்களுக்கு முதலில் உறைப்பது குளிர். ஜூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் வந்தவர்கள், பூமியின் நடுக்கோட்டில் நின்றுகொண்டு ஸ்வெட்டரைத் தேடுவார்கள்.

அன்றைய பகலில் அவர்கள் பார்க்கப்போகும் விலங்குகளில் பலவும் இந்தக் குளிரை நம்பிப் பிழைப்பவை.

கலாபகோஸ் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான தீவுக்கூட்டம். தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கி.மீ. மேற்கே பசிபிக் பெருங்கடலில் கிடக்கிறது. இந்தப் பகுதியில் கடலின் மேல்நீர் காற்றோடு சேர்ந்து கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. அதற்கு அடியில் எதிர்த்திசையில் இன்னோர் ஓட்டம் இருப்பது 1952 வரை சரியாகத் தெரியாமல் இருந்தது. அந்த ஆண்டு டவுன்சென்ட் கிராம்வெல் என்ற அமெரிக்கக் கடலாய்வாளர் நடுப் பசிபிக்கில் சூரை மீன் ஆய்வில் இருந்தார். ஆழத்தில் இறக்கிய தூண்டில் கயிறுகள், மேல்நீர் போகும் பக்கம் போகாமல் கிழக்கே இழுபட்டன. கயிற்றை இழுப்பது எது என்று தேடப்போய்த்தான், நிலநடுக்கோட்டை ஒட்டியே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் அடிநீரோட்டம் பிடிபட்டது. அதற்கு அவர் பெயரே நிலைத்தது. பெயர் பரவுவதைப் பார்க்க அவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. 1958-ல் ஆய்வுப் பயணம் ஒன்றுக்குப் போகும் வழியில், நாற்பதைத் தொடாத வயதில், விமான விபத்தில் இறந்துபோனார்.

பசிபிக்கின் குறுக்கே ஆயிரக்கணக்கான கி.மீ. வரும் கிராம்வெல் நீரோட்டத்துக்கு எதிரே வரும் முதல் பெரிய சுவர் கலாபகோஸின் மேற்கு விளிம்புதான். சுவரில் மோதிய நீருக்குப் போக்கிடம் மேலே. ஆழத்திலிருந்து ஏறும் அந்த நீர் குளிர்ந்தது. அதைவிட முக்கியமாக, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்தது. கடலின் மேல்மட்டத்தில் செத்து அடியில் மூழ்கி மட்கியவற்றின் உரம் முழுக்க அதில் கரைந்திருக்கிறது. அந்த உரமும் நடுக்கோட்டு வெயிலும் ஓரிடத்தில் சேரும்போது நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னச் சிறு மீன்கள், சிறு மீன்களைத் தின்னப் பறவைகளும் கடற்சிங்கங்களும் என்று கூட்டம் சேர்கிறது. இசபெலாவுக்கும் ஃபெர்னாண்டினாவுக்கும் இடையிலுள்ள பொலிவார் நீரிணையில் காலை நேரத்தில் திமிங்கிலத்தின் மூச்சு பீறிடுவதைத் தளத்தில் நின்றபடியே பார்க்க முடிவது இந்தப் பந்தியின் புண்ணியத்தால்.

கடலில் பந்தி, கரையிலோ நேர் எதிர். ஃபெர்னாண்டினா தீவு என்பது கடலிலிருந்து 1,476 மீட்டர் உயரத்துக்கு எழும் ஒற்றை எரிமலை. பெயர் லா கும்ப்ரே. பூமியின் உள்ளிருந்து சூடான பாறைப்பொருள் மேலே வரும் இடம் ஏறத்தாழ இந்தத் தீவுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு மேலே நாஸ்கா கண்டத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. கிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. எரிமலை உருவாகும், தட்டோடு கிழக்கே போகும், ஊற்றை இழந்து அடங்கும், தேயும், கடைசியில் மூழ்கும். கிழக்கே உள்ள எஸ்பனோலா போன்ற தீவுகளுக்கு வயது முப்பது, நாற்பது லட்சம் ஆண்டு. மண் உண்டாகவும் செடி வேர்பிடிக்கவும் அவற்றுக்கு அவகாசம் இருந்தது. மேற்குக் கோடியில் இருக்கும் ஃபெர்னாண்டினாவுக்கு அது இல்லை. 1968-ல் இதன் உச்சிப் பள்ளத்தின் தரை ஓரிடத்தில் சுமார் 350 மீட்டர் உள்வாங்கியது. 2017, 2018, 2020 என்று அடுத்தடுத்து வெடித்தது. 2024 மார்ச் 2-ஆம் தேதி இரவு மறுபடி வெடித்துச் சரிவில் நெருப்பாறு இறங்கியபோது அருகே இருந்த கப்பல்களின் பயணிகள் அதைத் தளத்திலிருந்தே படமெடுத்தார்கள். இப்படி அடிக்கடி பாறை பூசிக்கொள்ளும் தரையில் புல் எங்கே முளைக்கும்?

பெரிய வயிறோடு கரையேறிய எந்த உயிருக்கும் இங்கே இரண்டே வழி. பட்டினி கிடப்பது, அல்லது கடலில் இறங்கிச் சாப்பிடப் பழகுவது.

காலை உணவு முடிந்ததும் பாங்கா என்று அங்குள்ளவர்கள் சொல்லும் ரப்பர் படகுகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு புன்டா எஸ்பினோசா என்ற முனைக்குப் புறப்படுகின்றன. அந்தப் பெரிய தீவில் பொதுமக்கள் கால் வைக்க அனுமதியுள்ள இடம் அது ஒன்றுதான். வழிகாட்டி இல்லாமல் நடக்கக் கூடாது. ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேருக்கு மேல் கூடாது. விலங்குக்கும் மனிதருக்கும் நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும். செருப்பைக் கழுவிவிட்டுத்தான் படகில் ஏற வேண்டும். ஒரு தீவின் விதையோ மண்ணோ இன்னொரு தீவுக்குப் போய்விடக் கூடாது. கெடுபிடி அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. வெளியிலிருந்து வந்த எலி, பூனை, ஆடு எதுவும் குடியேறாத தீவு ஃபெர்னாண்டினா. கலாபகோஸின் பெரிய தீவுகளில் இப்படிச் சொல்லக்கூடியவை அரிது. கெடுபிடிக்கு அந்த ஒரு காரணமே போதும்.

கரையில் முதலில் கவனம் காலடியில் போகும். எரிமலைக் குழம்பு இங்கே இரண்டு விதமாக உறைந்திருக்கிறது. ஒன்று, நடக்க வசதியான வழுவழுப்பு. காய்ச்சிய பால் ஆறும்போது ஆடை படிந்து சுருங்குகிறதே, அதே வேலைதான்: மேல்பரப்பு முதலில் குளிர்ந்து தோலாகிறது, அடியில் இன்னும் ஓடும் குழம்பு அந்தத் தோலை மடிப்பு மடிப்பாகச் சுருக்குகிறது. மற்றொன்று, ஓடும்போதே உடைந்து நொறுங்கிய கூர்ங்கற்களின் குவியல். தடுக்கி விழுந்தால் உள்ளங்கை கிழிந்துவிடும். ஹவாய்த் தீவினர் இவற்றை பாஹோயிஹோயி, ஆ ஆ என்று அழைத்தார்கள். நிலவியலாளர்களும் அந்தப் பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். வழுவழுப்பான பாறையின் பிளவுகளில் விரல் உயரத்திலிருந்து முழங்கால் உயரம் வரை கொத்துக் கொத்தாக ஒரு கள்ளி நிற்கிறது. புதிய குருத்து மஞ்சள், முதிர்ந்தது பச்சை, பட்டது கறுப்பு. இந்த லாவாக் கள்ளிதான் புதுப் பாறையில் முதலில் குடியேறும் செடிகளில் ஒன்று. முட்கள் நெருங்கிய இந்தக் குட்டைச் செடியை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது.

நாலடி போனதும், பாறை என்று நினைத்தது தும்முகிறது.

கடல் இகுவானாக்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கால் போட்டுப் படுத்திருக்கின்றன. உலகிலுள்ள ஓணான், பல்லி வகைகளில் கடலில் மேய்ந்து வாழ்வது இந்த ஓர் இனம்தான். தின்பது பாசி. பாசியோடு சேர்ந்து உப்பும் ஏராளமாக உள்ளே போகிறது. அதை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சுரப்பி மூக்கை ஒட்டி இருக்கிறது. நாசி வழியாக உப்புநீரைப் பீய்ச்சி அடிப்பதுதான் அந்தத் தும்மல். காற்றில் போனது போக மிச்சம் தலையிலேயே விழுந்து காய்வதால் எல்லாவற்றுக்கும் வெள்ளைத் தொப்பி. முகம் மழுங்கி, பற்கள் மும்முனையாகி, பாறையோடு வாயை ஒட்டவைத்துச் சுரண்டுவதற்குத் தோதாக மாறியிருக்கின்றன. வால் பக்கவாட்டில் தட்டையாகித் துடுப்பாகிவிட்டது. அலை இழுக்கும்போது பாறையை இறுகப் பற்ற நீண்ட நகங்கள்.

எல்லா இகுவானாக்களும் ஆழத்தில் முங்கி மேய்கின்றன என்று ஆவணப்படங்களைப் பார்த்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பெரும்பாலானவை அலை வற்றும்போது வெளித்தெரியும் பாறைகளில் மேய்ந்துவிட்டுத் திரும்புபவை. முங்குவது பெரிய ஆண்கள். காரணம் வெப்பக் கணக்கு. இது குளிர் இரத்தப் பிராணி. கரையில் வெயில் காய்ந்து உடம்பை 35, 36 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றிக்கொண்டு, அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைந்த நீரில் இறங்குகிறது. சிறிய உடம்பு நொடியில் சூட்டை இழந்து விறைத்துவிடும். பெரிய உடம்பு மெதுவாக ஆறும். அதற்குள் வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏறிவிடலாம். ஏறி வந்த பிறகு அசையாமல் வெயிலில் கிடப்பது சோம்பலால் அல்ல. சூடு ஏறாவிட்டால் தின்ற பாசி செரிக்காது. கரிய தோல் வெயிலை விரைவாக வாங்கிக்கொள்ளவும் உதவுகிறது.

மேற்குக் கரையில் பாசி எவ்வளவு செழிப்பு என்பதற்கு இந்த உடம்புகளே சாட்சி. வடகிழக்கே உள்ள ஜெனோவேசா தீவில் இதே இனத்தின் ஆண் ஒரு கிலோ எடை தேறினால் பெரிது. ஃபெர்னாண்டினாவிலும் இசபெலாவிலும் பத்துக் கிலோவைத் தாண்டுகிற ஆண்கள் இருக்கின்றன.

1835-ல் பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வினுக்கு இந்தப் பிராணியின் அழகு பிடிக்கவில்லை. அதன் நடத்தை பிடித்திருந்தது. ஒன்றைப் பிடித்து, ஆழமான குட்டையில் எறிந்தார். அது நேரே நீந்தி அவர் நின்ற இடத்துக்கே திரும்பி வந்தது. மறுபடி எறிந்தார், மறுபடி வந்தது. நீரில் தப்புவது அதற்கு எளிது. ஆனாலும் எறிந்தவரின் காலடிக்கே வருவானேன்? இதற்குக் கரையில் எதிரி இல்லை, நீரில் சுறா உண்டு. ஆபத்து என்றால் கரைக்கு ஓடு என்பது பரம்பரையாக ஊறிய பாடமாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். கரையில் எதிரியே இல்லை என்பது முழுக்கச் சரியில்லை. கலாபகோஸ் பருந்து பாறைமேல் உட்கார்ந்து இளசுகளை நோட்டம் விடுகிறது. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுகளைப் பாம்புகள் கூட்டமாகத் துரத்துவதை 2016-ல் பிபிசி தொடர் ஒன்று காட்டியபோது உலகமே பதறியது. அது எடுக்கப்பட்டது இதே ஃபெர்னாண்டினாவில்தான். முழு வளர்ச்சி அடைந்த இகுவானாவைப் பொறுத்தவரை டார்வின் சொன்னது பொருந்தும். பயணியின் காமிரா இரண்டு மீட்டரில் நிற்கும்போதும் அது கண்ணைத் திறக்காது.

முனையின் கடைசியில், அலைத்துளி படும் பாறையில், நீர்க்காகங்கள் கூடு கட்டியிருக்கின்றன. நம் ஏரிகளில் மரக்கிளையில் இறக்கை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தின் உறவுதான். இதுவும் அதேபோல இறக்கையை விரித்து நிற்கிறது. ஆனால் விரிப்பதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. பறக்கத் தேவையான அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இறக்கை. சிறகுகள் கலைந்து, பிய்ந்த விசிறியாகத் தொங்குகின்றன. உலகில் உள்ள ஏறத்தாழ நாற்பது வகை நீர்க்காகங்களில் பறக்க முடியாதது இது மட்டும்தான். இந்தத் தீவிலும் எதிரே உள்ள இசபெலாவின் கரைகளிலும் தவிர வேறெங்கும் கிடையாது. மொத்தமே இரண்டாயிரம் சொச்சம்.

பறப்பது செலவு பிடித்த காரியம். மார்புத் தசை பெரிதாக வேண்டும், உடம்பு லேசாக வேண்டும், தினமும் அதற்கென்று தீனி வேண்டும். தப்பி ஓடத் துரத்துபவர் இல்லை; இரை தேடிப் போகத் தூரம் இல்லை, விலாங்கும் ஆக்டோபஸும் கரையோரக் கடலடியிலேயே கிடைக்கின்றன. அப்புறம் எதற்கு அந்தச் செலவு? பறக்கும் உறவினர்களைவிட இது கனத்த பறவை. கனமும் வலுத்த கால்களும் முங்குவதற்குக் கைகொடுக்கின்றன.

இறக்கை எப்படிச் சுருங்கியது என்பதற்கு 2017-ல் ஒரு விடை கிடைத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அலெஹாந்திரோ புர்காவும் லியோனிட் குருக்லியாக்கும் தங்கள் குழுவோடு இந்தப் பறவையின் மரபணுத் தொகுப்பைப் பறக்கும் நீர்க்காகங்களின் தொகுப்போடு ஒப்பிட்டார்கள். செல்லின் மேல் ஆன்டெனாவாக நீட்டிக்கொண்டிருக்கும் குற்றிழைகள் எலும்பு வளர்ச்சிக்கான வேதிச் செய்திகளை வாங்குகின்றன. அந்தக் குற்றிழைகளைக் கட்டமைத்து இயக்கும் மரபணுக்கள் பலவற்றில் இந்தப் பறவையிடம் மாற்றங்கள் இருந்தன. அவற்றில் சில, மனிதரில் பழுதானால் கைகால் எலும்புகள் குட்டையாகும் பிறவிக் கோளாறுகளை உண்டாக்குபவை. மருத்துவமனையில் நோய் என்று பதிவாவது, எதிரியில்லாத இந்தக் கரையில் ஒரு பறவைக்கு வாழ்க்கை வசதியாகியிருக்கிறது. பரிணாமம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் இதைவிட நேரடியான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கூட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஆண் வெறும் அலகோடு வருவதில்லை. கடற்பாசிக் கொத்தோ நட்சத்திர மீனோ கொண்டுவந்து நீட்டும். அவள் அதை வாங்கிக் கூட்டில் செருகுவாள். இந்த உபசாரம் ஒருபுறம் இருக்க, இரை நன்றாகக் கிடைக்கும் காலத்தில் குஞ்சு ஓரளவு தேறியதும் பெண் கூட்டைவிட்டுப் போய் வேறொரு ஆணோடு அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறாள். மீதி வளர்ப்பு முழுவதும் தகப்பன் பொறுப்பு.

பதினொரு மணிக்கு மேல் பாறை கொதிக்கத் தொடங்கும். கப்பலுக்குத் திரும்பி, நீச்சல் உடைக்கு மாறி, பலர் அந்தக் குளிர்நீரில் இறங்குவார்கள். பச்சை ஆமைகள் பாசி மேய்வதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம், தொடக் கூடாது. கடற்சிங்கக் குட்டிகளுக்கு மட்டும் இரண்டு மீட்டர் விதி தெரியாது.

நீருக்குள் வெள்ளிக் கோடாக ஏதாவது கடந்துபோனால் அது பெரும்பாலும் பென்குயின். அரை மீட்டர் உயரம், இரண்டரைக் கிலோவுக்குள் எடை. தென்துருவக் கடலோடு நாம் சேர்த்தே நினைக்கும் இந்தக் குடும்பத்தில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் இயற்கையாக வாழும் ஒரே இனம் கலாபகோஸ் பென்குயின். இசபெலாவின் வடமுனை கோட்டைத் தாண்டி இருப்பதால் வந்த பெருமை. நீருக்குள் அதற்குக் கவலை இல்லை. கரைதான் சோதனை. வெயிலில் நிற்கும்போது துடுப்புக் கைகளை முன்னால் நீட்டித் தன் பாதங்களுக்கே நிழல் கொடுக்கும். வாயைத் திறந்து இளைக்கும். முட்டையிட எரிமலைப் பாறையின் ஆழமான பொந்து வேண்டும். பொந்துக்குத் தட்டுப்பாடு என்பதைக் கண்ட வாஷிங்டன் பல்கலைக்கழக உயிரியலாளர் டீ போர்ஸ்மாவும் குழுவினரும் 2010-ல் கற்களை அடுக்கி 120 நிழற்கூடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். பென்குயின்கள் அவற்றில் குடியேறின. சிலவற்றில் இகுவானாக்கள் முந்திக்கொண்டன.

மதியத்துக்கு மேல் நீரிணையின் மறுபக்கம். இசபெலா, ஆறு எரிமலைகள் ஒட்டிக்கொண்டு உண்டான நீண்ட தீவு. அதன் மேற்குக் கரையில் டேகஸ் குடா. திமிங்கில வேட்டைக்காரர்களும் கடற்கொள்ளையரும் நங்கூரமிட்ட இடம். கப்பல் பெயர்களைப் பாறையில் வெட்டியும் பூசியும் வைத்திருக்கிறார்கள், 1836 என்ற ஆண்டு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. இன்று அங்கே யாராவது பெயர் எழுதினால் வழக்கு. அன்றைக்கு எழுதியது வரலாறு என்று பாதுகாக்கப்படுகிறது. எழுதிவிட்டுப் போனவர்கள் சும்மா போகவில்லை. தீனியும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் ராட்சத ஆமைகளைப் புது இறைச்சிக்காகக் கப்பலடியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். இந்தத் தீவுக்கூட்டத்திலிருந்து அப்படிப் போனவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

குடாவிலிருந்து மேலேறும் பாதையின் இருபுறமும் சாம்பல் நிற மரங்கள். வறண்ட மாதங்களில் ஓர் இலைகூட இருக்காது. பட்டையைக் கீறினால் மணம் வரும். பாலோ சாண்டோ என்று ஸ்பானிய மொழியில் அழைக்கிறார்கள், தேவாலயத்தில் புகை போடப் பயன்படுகிறது. தமிழ்நாட்டு வேலிகளில் நிற்கும் கிளுவையும் சாம்பிராணிப் புகைக்குப் பிசின் தரும் மரங்களும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வறட்சியில் இலையுதிர்த்துச் செத்ததுபோல் நின்று, மழை கண்டதும் துளிர்க்கும் வித்தையை எல்லாம் ஒன்றாகவே கற்றிருக்கின்றன.

பாதையின் மேலே ஓர் எரிமலை வாயில் ஏரி தேங்கி நிற்கிறது. பார்வைக்குத் தெளிந்த நீலம். வாயில் வைத்தால் கடல்நீரைவிடக் கரிப்பு. இந்தக் கரையில் இப்படி இன்னும் ஏரி உண்டு. அவற்றில் ஒன்றைத்தான் டார்வின் தூரத்திலிருந்து கண்டு, புழுதி அடைத்த தொண்டையோடு சாம்பல் சரிவில் ஓடி இறங்கி, ஆவலாக அள்ளிக் குடித்து ஏமாந்தார்.

தெற்கே சற்றுத் தள்ளி உர்பினா குடா. 1954-ல் இங்கே கடலடி ஒரேயடியாக 5 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. அடியில் பாறைக்குழம்பு புகுந்து தூக்கிவிட்டது. பவளப் பாறைகள் மேலே வந்தன, மீன்களும் நண்டுகளும் அந்தந்த இடத்திலேயே சிக்கிச் செத்தன. இன்று கரையிலிருந்து உள்ளே நடந்தால் புதர்களுக்கு நடுவே ஆள் உயரப் பவளம் காய்ந்து நிற்கிறது. பக்கத்திலேயே மஞ்சள் நிற நில இகுவானா சருகு மிதித்துப் போகும். கடல் இகுவானாவுக்கு இது நெருங்கிய சொந்தம். இரண்டு கிளையும் பிரிந்து சுமார் 45 லட்சம் ஆண்டு ஆகியிருக்கலாம் என்று ஒரு மரபணுக் கணக்கு சொல்கிறது. இன்று நீருக்கு மேலே உள்ள தீவுகளில் மூத்ததன் வயதையே அது தாண்டுகிறது. அப்படியானால் அந்தப் பிரிவினை நடந்த தீவு இப்போது கடலுக்கு அடியில் இருக்கிறது.

இந்த நீரிணையின் நெருப்பைப் பற்றிப் பழைய சாட்சியம் ஒன்று உண்டு. 1825 பிப்ரவரியில் பெஞ்சமின் மொரெல் என்ற அமெரிக்கக் கேப்டன் டார்ட்டர் என்ற கப்பலோடு இங்கே நின்றபோது ஃபெர்னாண்டினா வெடித்தது. காற்று சூடேறி, கடல் சூடேறி, கப்பல் இடுக்குகளில் அடைத்த தார் உருகி வழிந்தது என்று எழுதிவைத்தார். மொரெல் அளந்துவிடுவதில் பேர்போனவர். அவர் தரும் வெப்ப அளவுகளில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். மலை வெடித்ததில் சந்தேகமில்லை.

ஆனால் இங்குள்ள உயிர்களை அதிகம் கொல்வது நெருப்பு அல்ல, கடல் வெதுவெதுப்பாவதுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல் நினோ வரும்போது கிழக்குப் பசிபிக்கில் வெந்நீர் அடுக்கு தடிக்கிறது, கிராம்வெல் நீரோட்டம் தளர்கிறது, ஆழத்து உரம் மேலே ஏறுவதில்லை. பந்தி கலைந்துவிடுகிறது. 1982–83-ல் பென்குயின்களில் 77 சதவீதம் மடிந்தன. பறக்காத நீர்க்காகங்கள் பாதியாயின. இதே எல் நினோவைத் தமிழ்நாட்டில் வேறு விதமாக அறிவார்கள்: தென்மேற்குப் பருவமழையை வலுவிழக்கச் செய்யவும் வடகிழக்குப் பருவமழையைக் கூட்டவும் அது முனைகிறது. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015, வலுவான எல் நினோ ஆண்டு.

இகுவானாக்கள் இந்தப் பஞ்சத்தைச் சமாளிக்கும் விதம் விந்தையானது. அவை நீளத்தில் குறைகின்றன. மெலிவது எல்லா விலங்குக்கும் உண்டு. எலும்போடு சேர்ந்து குட்டையாவது முதுகெலும்புள்ள பிராணிகளில் மிக அரிதான சங்கதி. மார்ட்டின் விகெல்ஸ்கியும் கோரின்னா தாமும் 18 ஆண்டு அளவுகளை வைத்து 2000-ல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் உடல் நீளத்தில் 20 சதவீதம் வரை குறைந்தவை இருந்தன. தசை, குருத்தெலும்பு சுருங்கியதால் மட்டும் அவ்வளவு குறைய முடியாது, எலும்பையே உடம்பு கரைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. அதிகம் சுருங்கியவை அதிகம் பிழைத்தன. பாசி திரும்பியதும் மீண்டும் வளர்ந்தன. நல்ல காலத்தில் பெண்களைக் கவரும் அந்தப் பெரிய உடம்பே பஞ்சத்தில் பாரம். சிறிய வாய்க்குப் போதும் பாசி பெரிய வயிற்றுக்குப் போதாமல், பெரிய ஆண்களே முதலில் சாகின்றன.

மாலையில் கப்பல் வடக்கே திரும்பும்போது இசபெலாவின் எரிமலைகள் வரிசையாக வலப்பக்கம் வருகின்றன. அவற்றில் ஒன்றான அல்செடோவின் சரிவுகளில் ஒருகாலத்தில் காட்டாடுகள் ஆமைகளின் தீவனத்தையும் நிழல் மரங்களையும் தின்று தீர்த்தன. 1997 முதல் 2006 வரை ஹெலிகாப்டர்களோடு நடந்த ஒழிப்புத் திட்டத்தில் வட இசபெலாவிலும் சாந்தியாகோ தீவிலும் சேர்த்து 1,40,000-க்கும் மேற்பட்ட ஆடுகள் கொல்லப்பட்டன. கேட்பவர்களுக்கு நெஞ்சு கனக்கும். ஆடும் ஆமையும் ஒரே சரிவில் பிழைக்க முடியாது என்பதைப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது. நிலநடுக்கோட்டின்மேல் நிற்கும் வூல்ஃப் எரிமலையில் இளஞ்சிவப்பு நில இகுவானா இருக்கிறது. 1986-ல் முதலில் கண்ணில் பட்டு, 2009-ல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. சில நூறு மட்டுமே மிச்சம். வேறெந்த எரிமலையிலும் இல்லை.

இடப்பக்கம் ஃபெர்னாண்டினா. அதன் உட்பகுதிக்குப் பயணிகளுக்கு அனுமதி இல்லை, ஆய்வாளர்கள் போவதும் அரிது. கடலுக்கு இறங்காமல் நிலத்தையே நம்பியிருந்த ஒரு பெரிய விலங்கும் இந்தத் தீவில் இருந்தது: ஓட்டின் விளிம்பு வெளியே விரிந்த ராட்சத ஆமை. 1906-ல் கலிபோர்னியா அறிவியல் அகாடமிக்காக வந்த ரோலோ பெக் ஓர் ஆணைப் பிடித்தார். அதன் பிறகு ஒன்றும் அகப்படாததால் இனம் அழிந்தது என்றே கருதினார்கள். 2019 பிப்ரவரியில் தேடல் குழு ஒன்று, சுற்றிலும் குழம்பு ஓடி உறைந்த பாறைக்கு நடுவே தீவாகிப்போன ஒரு புதர்த் திட்டில், ஒரு பெண் ஆமையைக் கண்டது. வயது ஐம்பதுக்கு மேல். உருவம் சிறியது, அந்தத் திட்டில் கிடைத்த கொஞ்சத் தழையில் வளர்ச்சி குன்றியிருந்தது. அதனாலேயே, இது உண்மையில் ஃபெர்னாண்டினா இனம்தானா, வேறு தீவிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்டதா என்ற சந்தேகம் இருந்தது. 2022-ல் இதன் மரபணுவை 1906-ஆம் ஆண்டு ஆணின் எலும்பிலிருந்து எடுத்ததோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே இனம், மற்றத் தீவுகளின் ஆமைகளோடு சேராத இனம் என்று உறுதியானது. ஃபெர்னாண்டா என்று பெயரிடப்பட்ட அந்த ஆமை இப்போது சாந்தா குரூஸ் தீவின் இனப்பெருக்க மையத்தில் இருக்கிறது. அது கிடைத்த சமயத்தில் சரிவில் இன்னும் இரண்டு மூன்று ஆமைகளின் தடமும் எச்சமும் தென்பட்டதால் குழுக்கள் மறுபடியும் மேலே போயின. ஆண் ஆமை இதுவரை கிடைக்கவில்லை.